மலிவாம்! தரமாம்! பாதுகாப்பாம்!



மூன்று நாள்களாக ஒரு மாணவனின் கட்டுரைப் புத்தகம் என் மேசை மீது கிடந்தது. சிவப்பு மையால் ஒரு கோடுகூட இடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுரை திருத்தி வருகிறேன். மதிப்பெண் போட முடியாமல் பேனாவை மூடி வைத்தது இதுவே முதன்முறை.

நடந்தது இதுதான். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘ஒரு பொருளை வாங்கும் முன் எடைபோடுக’ என்றொரு தலைப்பைக் கொடுத்திருந்தேன். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு கட்டுரைப் பாடத்தில் நமக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது அல்லவா? மனனக் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் நல்ல பயனீட்டாளர்களாகச் சிந்திக்கட்டுமே என்று எண்ணினேன். விலை, தரம், பயன், குறை, முடிவு என ஐந்து கூறுகளை வெண்பலகையில் எழுதிப் போட்டேன். பலர் மிதிவண்டியையும் காலணியையும் எடுத்துக்கொண்டனர். ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு ரைஸ் குக்கரைப் பற்றி மிக அருமையாக எழுதியிருந்தாள். உள்பானையின் பூச்சு உரிந்தால் என்ன ஆகும் என்பது வரை!

ஒரு மாணவன் மட்டும் கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதியிருந்தான்.

அமெரிக்காவில் புதிதாக விற்பனைக்கு வந்துள்ள ஒரு மலிவு விலை ரிவால்வர். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விளம்பரம் செய்யவா நான் எழுதுகிறேன்? மாணவன் கட்டம் போட்டு, அளவுகோல் வைத்துக் கோடிட்டு, அனைத்தையும் எழுதியிருந்தான். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். இரண்டு அங்குலக் குழல். ரப்பர் கைப்பிடி. விலை நானூறு டாலருக்குள். அதை வெள்ளியிலும் மாற்றிப் போட்டு, ‘என் மாமாவின் கைப்பேசியைவிட மலிவு’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தான். குறை என்னும் பகுதியில், குழல் குட்டையானது என்பதால் தொலைவில் உள்ள இலக்குக்குப் பொருந்தாது, கைப்பிடி சிறியது, விசை சற்றுக் கனம் என்று மூன்று குறைகள். பிறகு இந்த வரி:

‘விசை கனமாக இருப்பதும் ஒரு வகையில் நன்மையே. சிறு பிள்ளைகளால் தவறுதலாக அழுத்த முடியாது. ஆகவே, இது குடும்பத்திற்குப் பாதுகாப்பான துப்பாக்கி.’

எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழைகூட இல்லை.

“தலைப்புக்குப் பொருந்தவில்லையா, ஐயா?” என்று அவன் கேட்டான். பொருந்துகிறது. நான் சொன்ன ஐந்து கூறுகளும் அதில் உள்ளன. என் கவலையே அதுதான். நான் கற்றுக்கொடுத்த அளவுகோலை வைத்து ஒரு கொலைக்கருவியை அளந்தால், அதற்கும் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடுகிறது!

இவ்வளவும் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தன? கைப்பேசியில் காணொளிகள். பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு இரவுகள் அமர்ந்து நானும் பார்த்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த விமர்சகர்கள் முரடர்கள் அல்லர். இனிமையாகப் பேசுகிறார்கள், நகைச்சுவை உணர்வு உண்டு, தம் தொழிலில் தேர்ந்தவர்கள். நம் பயிற்சி ஆசிரியர்களுக்குக் காட்டலாம் போலிருக்கிறது, ஒரு பொருளை இவ்வாறு படிப்படியாக விளக்க வேண்டும் என்று. பெட்டியைத் திறக்கிறார்கள். துப்பாக்கியை எடுக்கிறார்கள். கூடவே ஒரு கம்பிவடப் பூட்டு இருக்கிறது. ‘பூட்டு ஒன்று தந்திருக்கிறார்கள்’ என்று அதை மேசையின் ஓரத்திற்குத் தள்ளிவிடுகிறார்கள். அதன்பின் கால் மணி நேரம் அந்தப் பூட்டு படத்தில் வரவே இல்லை. நான் பார்த்த அனைத்திலும் இதே கதைதான்.

அந்தப் பூட்டு ஏன் பெட்டிக்குள் வந்தது? 2005ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ பாதுகாப்புப் பெட்டகமோ சேர்த்துத் தர வேண்டும். தர வேண்டும் என்பதோடு சரி. வாங்கியவர் அதைப் பூட்ட வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது மட்டுமன்று, அதே சட்டத்தின் பெரும்பகுதி எதற்காக இயற்றப்பட்டது தெரியுமா? துப்பாக்கி தவறாகப் பயன்படுத்தப்பட்டால், அதற்காகத் தயாரிப்பாளர் மீதும் விற்பனையாளர் மீதும் வழக்குத் தொடுப்பதைத் தடுப்பதற்காக. பூட்டு ஒரு கையில். காப்பு மறு கையில். பூட்டு பயனீட்டாளருக்கு, காப்பு முதலாளிக்கு!

இனி, மாணவனின் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். துப்பாக்கியைத் தொட்டும் பார்த்திராத பெற்றோர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது.

ரிவால்வர் என்பது சுழலும் உருளைக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கைத்துப்பாக்கி. பழைய வகையில், ஒவ்வொரு முறையும் பின்னாலுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். பிறகே விசையை அழுத்த வேண்டும். இரட்டைச் செயல் ரிவால்வரில் அந்த வேலை இல்லை. விசையை இழுக்கும் ஒரே இழுப்பில் உருளை சுழல்கிறது, சுத்தியல் உயர்கிறது, விழுகிறது, வெடிக்கிறது. விரலால் இழுத்தாலே இயங்கும் ரிவால்வரை இலண்டனில் இராபர்ட் ஆடம்ஸ் 1851லேயே உருவாக்கிவிட்டார். அத்தனை வேலையையும் ஒரே விரல் செய்ய வேண்டியிருப்பதால் விசை கனமாக இருக்கும். ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்தரை கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தேவை. மாணவன் சொன்ன ‘கனம்’ இதுதான். இத்தகைய ரிவால்வர்களில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் இருப்பது அரிது. கனமான விசையே பாதுகாப்பு என்பது தயாரிப்பாளர்களின் வாதம்.

இந்த வாதம் புதியதா என்றால், இல்லை. நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைய சரக்கு. 1880களின் பிற்பகுதியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் சுத்தியல் வெளியே தெரியாத ஒரு ரிவால்வரை வெளியிட்டது. கைப்பிடியின் பின்னாலுள்ள தகட்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அது சுடும். எட்டு வயதுக்குட்பட்ட சாதாரணக் குழந்தையால் அதை இயக்க முடியாது என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. ஆக, வீட்டில் குழந்தை இருக்கிறது, அது துப்பாக்கியை எடுக்கும் என்பது அந்த முதலாளிகளுக்கு அன்றே தெரியும்!

அதைவிட வேடிக்கையான இன்னொன்று உண்டு. ஐவர் ஜான்சன் என்பது அக்காலத்தில் மலிவு விலை இரட்டைச் செயல் ரிவால்வர்களுக்குப் பெயர்போன நிறுவனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெளியிட்ட விளம்பரப் படம் ஒன்று இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். இரவு உடையில் ஒரு சிறுமி கட்டிலில் அமர்ந்திருக்கிறாள். பக்கத்தில் பொம்மை. அவள் கையில் ரிவால்வர். இது நம்மை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என அவள் கூறுவதாக வாசகம். கீழே விழுந்தாலும், சுத்தியலால் அடித்தாலும் வெடிக்காத அமைப்பு என்பதுதான் அவர்களின் பெருமை. அந்த அமைப்பு உண்மையிலேயே வேலை செய்தது. இன்றைய ரிவால்வர்களிலும் அதன் வழித்தோன்றல் இருக்கிறது. ஆனால், துப்பாக்கி கீழே விழுவதும் குழந்தை விசையை இழுப்பதும் ஒன்றா? முன்னதற்குத் தீர்வு கண்டுவிட்டு, பின்னதைப் படமாக வரைந்து விற்றார்கள். பொம்மையும் துப்பாக்கியும் ஒரே கட்டிலில்!

சரி, கனமான விசை குழந்தையைத் தடுக்குமா? இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்திருக்கிறார்கள். 1995இல் அமெரிக்க மருத்துவர்கள் குழந்தைகளின் விரல் வலிமையையும் 64 கைத்துப்பாக்கிகளின் விசைக் கனத்தையும் ஒப்பிட்டார்கள். குழந்தை ஒரு விரலால் இழுக்காது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்தே இழுக்கும் என்பதைக் கணக்கில் கொண்டார்கள். கிடைத்த விடை: மூன்று, நான்கு வயதினரில் 25 விழுக்காட்டினர், ஐந்து, ஆறு வயதினரில் 70 விழுக்காட்டினர், ஏழு, எட்டு வயதினரில் 90 விழுக்காட்டினர், அத்துப்பாக்கிகளுள் மிகப் பெரும்பாலானவற்றைச் சுடும் வலிமை உடையவர்கள். ஐந்து, ஆறு வயது என்றால் யார்? நம் பாலர்பள்ளிப் பிள்ளைகள். ஷூ நாடாவைக் கட்டத் தெரியாமல் நம்மிடம் காலை நீட்டுகிறார்களே, அவர்கள்!

இதற்கு மேலும் ஒன்று உள்ளது. விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்லாமல் வசதியாகச் சொல்கிறார்கள். சுத்தியல் வெளியே தெரியும் இரட்டைச் செயல் ரிவால்வரை, விரும்பினால் பழைய முறையிலும் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திச் சுடலாம். அப்போது விசையின் கனம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ‘குறி தவறாமல் சுடலாம்’ என்கிறார்கள். குறி இருக்கட்டும். பயந்துபோன ஒருவர் நள்ளிரவில் சுத்தியலை இழுத்து நிறுத்தி, பின் எதுவுமில்லை என்று அப்படியே படுக்கையருகே வைத்துவிட்டால், ‘சிறு பிள்ளைகளால் அழுத்த முடியாது’ என்னும் வாக்கியம் எங்கே போகும்?

வலிமையைத் தடுக்க முடியாது. அறிவுரையால் தடுக்கலாமே என்பீர்கள். நாம் ஆசிரியர்கள், அறிவுரையில் நமக்கு நம்பிக்கை அதிகம். எனக்கும் இருந்தது. 2001இல் பீடியாட்ரிக்ஸ் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படிக்கும் வரை. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுவர்களை இருவர் மூவராக ஓர் அறையில் விட்டார்கள். மேசை இழுப்பறைகளில் நீர்த்துப்பாக்கிகளோடு, சுட முடியாதபடி செய்யப்பட்ட ஓர் உண்மையான கைத்துப்பாக்கியும் இருந்தது. ஒருபக்கக் கண்ணாடி வழியே கவனித்தார்கள். 29 குழுக்களுள் 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. அவற்றுள் 16 குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. பத்துக் குழுக்களில் எவனோ ஒருவன் விசையை இழுத்துவிட்டான். கண்டுபிடித்தவர்களில் பாதிப் பேருக்கு அது பொம்மையா உண்மையா என்றே தெரியவில்லை. துப்பாக்கியைத் தொட்டவர்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி அறிவுரை பெற்றவர்கள்! எட்டு முதல் பன்னிரண்டு வயது. என் கட்டுரையாளனின் வயதும் பன்னிரண்டுதான்.

பொம்மை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1988இல் இயற்றப்பட்ட சட்டப்படி அமெரிக்காவில் விற்கப்படும் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் செம்மஞ்சள் நிற அடையாளம் இருக்க வேண்டும். பொம்மையின் வண்ணத்தையும் முனையையும் ஆராய அங்கே பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அதே ஆணையத்திற்கு உண்மைத் துப்பாக்கியின் வடிவமைப்பை ஆராயும் அதிகாரம் இல்லை. 1972இல் அந்த ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியை விலக்கி வைத்துவிட்டது. என் மாணவி எழுதினாளே, ரைஸ் குக்கர், அதன் பூச்சு உரிந்தால் திரும்பப் பெறச் சொல்லும் ஆணையம், குழந்தை இழுக்கக்கூடிய விசையைப் பற்றி வாய் திறக்க முடியாது. 2014இல் கிளீவ்லாந்து நகரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தபோது காவலரால் சுடப்பட்டு இறந்தான். அவன் வைத்திருந்த பொம்மையில் அந்தச் செம்மஞ்சள் முனை இல்லை. பொம்மைக்கே அந்த நிலை.

அடுத்து ‘மலிவு’. இதில் நான் மிகவும் கவனமாக எழுத வேண்டும். மலிவான துப்பாக்கி கெட்டது, விலையுயர்ந்தது நல்லது என்று யாராவது சொன்னால் நான் உடன்பட மாட்டேன். 1879இல் டென்னசி மாநிலம், இராணுவ வகைப் பெரிய துப்பாக்கிகளைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளை விற்கத் தடை விதித்தது. அந்தப் பெரிய துப்பாக்கிகள் விலை மிகுந்தவை. ஏழைகள், குறிப்பாக அண்மையில்தான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், வாங்க முடியாமல் போனது. செல்வந்தன் வைத்திருக்கலாம், கூலித்தொழிலாளி வைத்திருக்கக் கூடாது என்னும் சட்டத்தை, தோட்டப்புறத்தில் பிறந்த நான் எப்படி ஆதரிப்பேன்? 2020இல் மறுபடியும் வெளிவந்த கோல்ட் பைதான் ரிவால்வரின் விலை 1,499 டாலர். அதன் தோட்டா பாய்ந்தாலும் உயிர் போகத்தான் போகிறது.

ஆனால் ‘மலிவு’ என்பதை ஓர் அறமாக, ஏழைக்குச் செய்யும் தொண்டாகக் காட்டுவதை ஏற்க முடியாது. 1901இல் அதிபர் மெக்கின்லியைச் சுட்டவன் நாலரை டாலருக்கு வாங்கியது ஐவர் ஜான்சன் ரிவால்வர். ஆம், கட்டிலில் சிறுமியை அமர்த்திய அதே நிறுவனம். 1968இல் இராபர்ட் கென்னடியைச் சுட்டதும் அந்நிறுவனத்தின் ரிவால்வரே. 1980இல் ஜான் லெனன், 1981இல் அதிபர் ரீகன். இருவரும் சுடப்பட்டது சிறிய, விலை குறைந்த இரட்டைச் செயல் ரிவால்வர்களால். புகழ்பெற்றவர்கள் என்பதால் இவற்றின் விலையும் வகையும் வரலாற்றில் ஏறின. புகழில்லாதவர்களின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

இன்றைய மலிவு எப்படி வருகிறது என்பதையும் மாணவன் கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். கணினி இயக்கும் இயந்திரங்கள், வார்ப்பில் எடுத்த உதிரிப்பாகங்கள், மெருகிடாத மேற்பூச்சு, மரத்துக்குப் பதில் ரப்பர். பிரேசில் நாட்டு டாரஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 856 என்னும் ஆறு தோட்டா ரிவால்வர் 350 டாலருக்கும் குறைவாகச் சந்தைக்கு வந்தது இப்படித்தான். நேர்மையான சிக்கனம்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் விமர்சகர் கூட்டிய கணக்கில் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இருக்கிறது, இடுப்பு உறை இருக்கிறது. நல்ல இரும்புப் பெட்டகத்தின் விலை இல்லை. பெட்டகம் வாங்க வசதியில்லாத ஒருவருக்காகத்தானே இந்த மலிவு? அப்படியானால் அந்தத் துப்பாக்கி எங்கே போகும்? தலையணைக்கு அடியில். அலமாரியில், துணிகளுக்கு இடையில். நம் வீட்டுப் பிள்ளைகள் மிட்டாய் தேடும் அதே இடங்களில்.

‘பூட்டு வைத்துத் தயாரித்தால் போயிற்று’ என்பார்கள். அந்தக் கதையும் உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கிளிண்டன் அரசோடு ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டது. உள்பூட்டு அமைப்போம், சிறு குழந்தைகள் எளிதில் இயக்க முடியாதவாறு வடிவமைப்போம் என்று ஒப்புக்கொண்டது. பயனீட்டாளர்கள் கைதட்டினார்களா? புறக்கணித்தார்கள்! துப்பாக்கி ஆதரவாளர்களின் புறக்கணிப்பில் விற்பனை சரிந்தது. 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கிய பிரிட்டிஷ் முதலாளிகள், 2001இல் அதை ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் வந்த ரிவால்வர்களின் பக்கவாட்டில் சாவி போடும் சிறு துளை ஒன்று இருந்தது. விமர்சகர்கள் அந்தத் துளையை இருபது ஆண்டுகளாகக் கேலி செய்தார்கள். 2024இல் துளை இல்லாத சிறு ரிவால்வர்கள் சில புதிதாக வெளிவந்தபோது, ‘ஒருவழியாகப் பூட்டை எடுத்துவிட்டார்கள்’ என்று கொண்டாடினார்கள். பூட்டு பழுதானால் ஆபத்து நேரத்தில் சுடாமல் போய்விடுமே என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால், எந்த அச்சத்திற்கு எவ்வளவு எடை தருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருநாள் வரக்கூடிய திருடனுக்காக, நாள்தோறும் வீட்டிலிருக்கும் குழந்தையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

2020ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் துப்பாக்கி முதலிடத்திற்கு வந்துவிட்டது. அதுவரை முதலிடத்தில் இருந்தது சாலை விபத்து. கொலை, தற்கொலை, தவறுதல் மூன்றும் சேர்ந்த கணக்கு இது.

தற்கொலை என்னும் சொல்லை விமர்சனக் காணொளிகளில் நான் கேட்கவே இல்லை. இத்தகைய சிறு ரிவால்வர்களைப் பெண்களுக்கு ஏற்றது, முதன்முதலாக வாங்குபவருக்கு ஏற்றது என்று பரிந்துரைக்கிறார்கள். எளிமையானது, சிக்கிக்கொள்ளாது, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மீண்டும் விசையை இழுத்தால் போதும் என்கிறார்கள். உண்மைதான். அந்த எளிமை யாருக்கெல்லாம் எளிமை? கலிபோர்னியாவில் இலட்சக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள், இல்லாத ஆண்களைக் காட்டிலும் எட்டு மடங்கு அளவில் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்கிறார்கள். பெண்களில் அது 35 மடங்கு. முப்பத்தைந்து! அழுத்தமான ஓர் இரவைக் கடந்துவிட்டால் மறுநாள் பிழைத்திருக்கக்கூடியவர்கள். ‘பெண்களுக்கு ஏற்றது’ என்னும் வரிக்குக் கீழே இந்த எண்ணை யார் எழுதுவது?

“அதெல்லாம் அங்குள்ள சங்கதி சார். இங்கே யாருக்குக் கிடைக்கப்போகிறது?” என்று அந்த மாணவனின் தந்தை என்னிடம் சொன்னார். லாரி ஓட்டுநர், நல்ல மனிதர், மகனின் படிப்புக்காக உழைத்துத் தேய்பவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதத் தண்டனைச் சட்டமும் கடுமையானவை. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும் தண்டனை இலேசானதன்று. உரிமம் இன்றித் தோட்டா ஒன்றை வைத்திருந்தாலே வழக்கு. இதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும், துப்பாக்கியைச் சுங்கத்துறை தடுக்கும். துப்பாக்கியை ரைஸ் குக்கர் போல எடைபோடும் பார்வையை எந்தச் சுங்கத்துறை தடுக்கும்? அந்தப் பார்வை ஏற்கெனவே என் வகுப்பறைக்குள் வந்து, அழகிய கையெழுத்தில் அமர்ந்திருக்கிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு இது தொலைவான செய்தியும் அன்று. 2023 சனவரி 6ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில், ஆறு வயது மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் தாயின் கைத்துப்பாக்கியால் வகுப்பாசிரியையைச் சுட்டான். உயர்த்திய கையைத் துளைத்துத் தோட்டா நெஞ்சில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். அவனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று அன்று காலையிலிருந்தே மற்ற ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நிர்வாகம் அசையவில்லை. அது ரிவால்வர் அன்று, வேறு வகைக் கைத்துப்பாக்கி. விரல் மட்டும் ஆறு வயது விரல்.

இன்று காலை ஒரு முடிவுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். மொழிக்கும் அமைப்புக்கும் உரிய மதிப்பெண்ணை முழுமையாகக் கொடுத்தேன். அவன் உழைப்பை நான் திருட முடியாது. கருத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன். அவன் போட்ட அட்டவணைக்குக் கீழே நானே அளவுகோல் வைத்து மூன்று வரிசைகளைச் சேர்த்தேன். இப்பொருள் இருக்கும் வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள்? இரவில் எங்கே வைக்கப்படும்? சாவி யாரிடம் இருக்கும்? ‘நிரப்பி வா, பிறகு முடிவுரையை மறுபடி எழுது’ என்று குறிப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வெண்பலகையில் எழுதிய ஐந்து கூறுகள் போதா என்பதை மற்ற மாணவர்களிடமும் ஒப்புக்கொண்டேன், ரைஸ் குக்கர் எழுதிய மாணவி உடனே, “வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுதினேனே, ஐயா!” என்றாள். உண்மைதான், பாட்டிக்குக் கை நடுங்கும் என்று எழுதியிருந்தாள்.

ஓய்வு நேரத்தில் அந்த மாணவன் புத்தகத்தோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை; குழப்பம்தான்.

“ஐயா, இந்த மூன்றையும் எந்தக் காணொளியிலும் சொல்லவில்லையே. எங்கே போய்த் தேடுவது?” என்றான்.

மேலே நான் எழுதிய இரண்டு குழந்தை ஆய்வுகளையும் எளிய தமிழில் அரைப் பக்கமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.